காட்டுவழிக்குக் கட்டும் மூட்டை

கதிர்காமத் திருவிழாவுக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேலினை முன்னிட்டுப் புறப்பட்டு, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் முதலிய இடங்களைத் தொட்டு, கீழைக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து உகந்தையை அடையும். அதுகாறும் ஊர்கள் உண்டு, மடங்கள் உண்டு, அன்னமிடும் கைகள் உண்டு. மறந்துவிட்ட பொருளை அடுத்த சந்தையிலே வாங்கிக்கொள்ளலாம். உகந்தையிற் காட்டுவழி திறக்கப்பட்ட பின்னரோ, குமண, யால வனங்களினூடாக ஐந்தாறு நாள் நடத்தல் வேண்டும். அந்நாள்களில் வீடும் அடுக்களையும் மருந்துச்சாலையும் தோளிற் கிடக்கும் மூட்டையே. அம்மூட்டையில் எவை இருத்தல் வேண்டும், எவை இருத்தலாகாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதத் தூண்டியவர் எமது கல்லூரிப் பழைய மாணவரே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் சிலர், ஊர் வருங்கால் தம் பிள்ளைகளுடன் உகந்தையிலிருந்து நடக்க விரும்புவதாகவும், என்னென்ன கொண்டுவரல் வேண்டும் என்றும் வினவி எழுதியிருந்தனர். அவருள் ஒருவர் தாம் முன்னரே வாங்கிவைத்த பொருள்களின் பட்டியலையும் உடன் அனுப்பியிருந்தார். சில்லுப் பூட்டிய பெட்டி, மடிக்கும் நாற்காலி, காற்றூதும் மெத்தை என அது நீண்டு சென்றது. உகந்தைக்கு அப்பால் மணல். மணலிற் சில்லு உருளாது. நாற்காலி நல்ல நாற்காலியாகவே இருக்கலாம். ஆயின் அதனைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். களைத்துவரும் அவர் அமர மற்றொரு நாற்காலி வேண்டும்.

நிறையிலிருந்து தொடங்குதல் நன்று. 60 கிலோக்கிராம் நிறையுடைய ஒருவர் 10 கிலோக்கிராமுக்கு மேற் சுமந்து வெயிலில் நாட்கணக்காக நடத்தல் அரிது. அப்பத்தில் நான்கு தண்ணீருக்கு உரியது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோக்கிராம் என்பதை நாமெல்லாம் வகுப்பிலே படித்தோமாயினும், அதனை மறவாமற் கற்பிப்பது தோளே. எஞ்சிய ஆறினுள் உணவு, படுக்கை, உடை, மருந்து யாவும் அடங்குதல் வேண்டும்.

முதன்முறை சென்றபோது இக்கணக்கை நாம் அறியோம். 11 பேர் கொண்ட எமது குழுவிற் பொருள்களைப் பங்கிடும் பொறுப்பு எம்மிடமே விடப்பட்டிருந்தது. அரிசியைப் பங்கிட்டோம்; பாத்திரங்களைப் பங்கிட்டோம்; தண்ணீரை மாத்திரம் அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம். கும்புக்கன் ஆற்றைக் கடந்து நாவலடியை நோக்கி நடந்த அன்று, கச்சான் காற்றுக் காலையிலேயே எழுந்துவிட்டது. பத்து மணிக்கு முன்னரே மூவருடைய போத்தல்கள் வெறுமையாயின. அம்மூவருள் மூத்தவர் எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர். பிறரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுதல் அவர் வாழ்நாளில் வழக்கமன்று, அன்றும் கேட்டிலர். பற்றையோரத்தில் அவர் அமர்ந்துவிட்டபோது அருகிற் சென்று பார்த்தோம். வியர்வை நின்றிருந்தது. 'சேர், என்ன செய்கிறது?' என்று கேட்டதற்குத் தொடர்பற்ற மறுமொழி வந்தது. எமக்குக் கை நடுங்கிற்று. பின்னே வந்த மட்டக்களப்பு அடியார் கூட்டத்தில் ஓர் அம்மையார், எம்மை விலக்கிவிட்டு, அவரை நிழலிற் கிடத்தி, ஈரத்துணியாற் கழுத்தையும் மார்பையும் துடைத்து விசிறச் செய்தார். சிறிது தெளிவு கண்ட பின்னரே, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை எம்மிடம் நீட்டி, 'கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க சாமி' என்றார். அந்தத் தண்ணீர் அவருடைய பிள்ளைகளுக்கென வைத்திருந்த தண்ணீர். ஒன்றரை மணித்தியாலத்தின் பின் ஆசிரியர் எழுந்து அமர்ந்து, 'எல்லாரும் வந்துவிட்டார்களா?' என்று எண்ணத் தொடங்கினார். அன்று எமது மூட்டையுள் நான்கு மாற்று வேட்டிகளும் தடித்த உரைநூல் இரண்டும் இருந்தன.

ஆதலின், ஒவ்வொருவரும் காலையிற் புறப்படும்போது 4 லீற்றர் தண்ணீர் கொண்டிருத்தல் வேண்டும்; அதனை ஒரே கலத்தில் வையாது இரண்டு மூன்றாகப் பிரித்தல் வேண்டும். ஒன்று உடைந்தால் மற்றையது உதவும். குழுவுக்குப் பொதுவாக ஒரு கலம் தனியே இருத்தல் வேண்டும். அதனைத் தலைவர் அன்றி எவரும் திறத்தலாகாது. மணிக்கொரு முறை நின்று, ஒவ்வொருவரும் குடிப்பதைக் கண்ணாற் காணல் வேண்டும். 'எனக்கு வேண்டாம்' என்பவரையே முதலிற் குடிக்கச் செய்க. அண்மை ஆண்டுகளிற் காட்டுவழியிலே தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன, அவை பேருதவி. எனினும் பல்லாயிரவர் நடக்கும் வழியில் நாம் சேருமுன் தாங்கி வற்றிவிடுதலும் உண்டு. அவ்வேளை ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்ட வேண்டிவரும். அதற்குச் சிரட்டை ஒன்று போதும், நிறையற்றது, விலையற்றது. ஊறிய நீரைப் பழைய பருத்தி வேட்டியின் நான்கு மடிப்பில் வடித்துக் கொதிக்கவைக்கலாம்; அன்றேற் குளோரீன் மாத்திரையிட்டு 30 நிமிடம் பொறுத்துக் குடிக்கலாம். ஜீவனிப் பொதிகள் ஆளுக்கு ஆறு எடுத்தல் நன்று. அது தீர்ந்தால் ஒரு லீற்றர் தூயநீரிற் சீனி மட்டக் கரண்டியாய் 6 தேக்கரண்டியும், உப்பு அரைத் தேக்கரண்டியும் கரைத்துக்கொள்க. உப்பை மிகையாக இடுதல் தீங்கு.

நீரைப்பற்றி இவ்வளவு கூறுதற்கு வேறொரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிற் கதிர்காம யாத்திரையோடு வாந்திபேதியும் நடந்தது. அதனால் ஆங்கில அரசினர் யாத்திரிகர் தொகையை மட்டுப்படுத்தி அனுமதிச் சீட்டு வழங்கினர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்வ், 1910இல் விழாக்காலத்தைக் கதிர்காமத்திலேயே தங்கி மேற்பார்த்தார். பிற்காலத்திற் பெயர்பெற்ற எழுத்தாளரானவர் அவரே. அக்காலத்தில் மீண்டுவந்தோர் காட்டுக்காய்ச்சலும் கொண்டுவந்தனர். இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்று வழங்கியுள்ளது. ஆயினும் நுளம்பு ஒழிந்ததன்று. டெங்குக் காய்ச்சல் இன்றும் உண்டு. ஆகவே இலேசான நுளம்புவலை ஒன்றை விடவேண்டாம்.

வழியிற் கொள்ளும் உணவை ஆற்றுணா என்றனர் முன்னோர். அருமையான சொல், இன்று அகராதியில் மாத்திரம் வாழ்கின்றது. எமது ஆற்றுணாவுக்குக் கடைத் தகரப் பொதிகள் வேண்டியதில்லை. வறுத்த அரிசிமாவும் பயற்றமாவும் சேர்ந்த பொரிமா, பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல், பருத்தித்துறைத் தட்டைவடை, எலுமிச்சங்காய், மல்லியும் வேர்க்கொம்பும் இடித்த தூள் ஆகியன வெயிலிற் பழுதடையா. பொரிமாவைத் தண்ணீரிற் பிசைந்தாலே ஒருவேளை உணவாகும், அடுப்பு வேண்டா. புழுக்கொடியலைப் பற்றி மாத்திரம் ஓர் எச்சரிக்கை: பல்லுறுதி இல்லாதவர் இடித்தே எடுத்துச்செல்க. இரவில் ஒருவேளை கஞ்சி காய்ச்ச அரிசியும் பயறும் போதும். நெய்ப்பண்டங்களும் பழங்களும் எடாதிருத்தல் நன்று. அவற்றின் மணத்தை முதலில் அறிவது நாமல்லோம், யானையே. எஞ்சிய உணவைத் தலைமாட்டில் வைத்துத் துயிலுதல் பெரும் பிழை.

படுக்கைக்கு ஒரு சிறு தறப்பாளும் ஒரு போர்வையும் சாலும். பகல் கொதித்தாலும் விடியற்புறத்திற் பனி இறங்கும். பனையோலைப் பாயை விரும்புவோர் அதனை எடுக்கலாம். நீளமாதலாற் பற்றைகளிற் சிக்கும். 10 மீற்றர் கயிறு ஒன்று தறப்பாள் கட்டவும் துணி உலர்த்தவும் உதவும். படுக்குமிடம் தெரிதலிற் கண் வேண்டும். இக்காலத்திற் பாலைப்பழம் பழுக்கும். அப்பழத்திற் கரடிக்குப் பெருவிருப்பு. ஆகையாற் பழுத்த பாலையின் கீழ்ப் பாய் விரிப்பதை ஒழிக. ஆற்று விளிம்பும் ஆகாது, முதலை உண்டு. ஆளுக்கொரு மின்சூள் வேண்டும். தலையிற் பூட்டுவதாயிற் கை வெறுமையாயிருக்கும். கைத்தொலைபேசி காட்டினுட் பல இடங்களில் வெறும் கடிகாரமே.

உடை இரண்டு மாற்று, பருத்தியில். வேட்டியோ சாரமோ ஒன்று, துவாய் ஒன்று, தலைக்கு அகன்ற துணி ஒன்று. வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்தவரை நாம் தடுக்கோம். அவர்தாமும் ஒரு சோடிச் செருப்பை மூட்டையில் வைத்தல் நன்று. மற்றையோர் புதுப் பாதணி வாங்கி அதனோடு காட்டுக்கு வராதிருப்பாராக. ஊசி, முள்வாங்கி, காயத்துணி, வேப்பெண்ணெய் ஆகியவற்றைக் கைக்கெட்டும் பையில் வைக்க.

முதுமையெய்திய எம் பழைய மாணவர்க்கு மருந்தே முதற்பொருள். அமுக்கத்துக்கும் சலரோகத்துக்கும் உரிய மாத்திரைகளை நாட்கணக்குக்கு மேல் மூன்று நாளுக்குக் கூட்டி, இரு பங்காக்கி, ஒரு பங்கைத் துணையிடம் ஒப்படைக்க. இன்சுலின் 30 பாகை செல்சியசுக்கு மேற்படும் வெப்பத்திற் கெடும். அதனை நீர்புகாச் சிறு உறையிலிட்டு, ஈரத்துணியாற் சுற்றி, காற்றுப்படும்படி மூட்டையின் நிழற்பக்கத்திற் கட்டினால், மண்பானை நீர் குளிர்வது போலவே அதுவும் குளிரும். நடையாற் சீனி திடீரென இறங்குதலும் உண்டு; ஆகையாற் பனங்கட்டித் துண்டு மடியில் இருக்கட்டும். அடையாள அட்டையோடு, நோயும் மருந்தும் இரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளொன்றை ஒவ்வொருவரும் வைத்திருத்தல் வேண்டும்.

இனிப் பாட்டு. கூடியிருந்து பாடாத இரவு காட்டுவழியில் இல்லை. ஒரு கூட்டம் நிறுத்த அடுத்த கூட்டம் எடுக்கும். எடுப்பது பெரும்பாலும் அருணகிரிநாதர் கதிர்காமத்துக்குப் பாடிய திருப்புகழாகவே இருக்கும். மிருதங்கத்தைச் சுமந்துவந்த இளைஞர் ஒருவரை நாம் கண்டோம். மூன்றாம் நாள் அவர் முகத்தையும் கண்டோம். ஆர்மோனியத்தின் துருத்தியுள் மணல் புகுந்தால் அதன் குரல் மாறிவிடும். தாளம் ஒரு சோடி, உடுக்கு ஒன்று. குழுவுக்கு இவை போதும். பனியில் உடுக்கின் தோல் தளரும். அனலுக்கு எட்ட வைத்துச் சூடேற்றினால் மீளும். பாட்டுப் புத்தகங்களை வீட்டிலே வைத்துவிட்டு, பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து பாட்டு மனனஞ் செய்து வருவாராக. கர்ப்பூரம் சிறிதளவு போதும். சருகு உலர்ந்த காடாதலின், ஏற்றிய சுடரை அணையும்வரை விட்டு அகலாதிருக்க.

பொலித்தீன் உறையில் எதனையும் கட்டவேண்டாம். மானும் யானையும் அதனை உண்டு மாள்கின்றன. கொண்டுசென்றதன் குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வெறுஞ்சாக்கு மூட்டையின் அடியில் இருத்தல் வேண்டும். அதனைக் குழுவில் இளையவரிடம் கொடாது தலைவரே சுமப்பது நன்று.

காட்டுவழி ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் குறித்த சில நாள்களே திறந்திருக்கும். அந்நாளை அறிந்த பின்னரே பயணச்சீட்டு வாங்குக. ஊர் வந்து சேர்ந்ததும் மூட்டையை முழுவதும் கட்டி, தண்ணீரையும் நிரப்பி, ஒருநாள் காலை அச்சுவேலியிலிருந்து சந்நிதிவரை நடந்து பாருங்கள். சந்நிதி வாசலில் மூட்டையை அவிழ்த்து, இதனை ஏன் சுமந்தோம் என்று தோன்றும் பொருளை எல்லாம் அங்கேயே ஒருபுறம் எடுத்து வையுங்கள். தண்ணீரை மாத்திரம் எடுக்கவேண்டாம்.