குண்டு போன பிறகு என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்குபவர்கள் 1934-லிருந்து 200 டாலர் வரி கட்டி வந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். பதிவு செய்யும் கட்டாயம் மட்டும் போகவில்லை. விற்பனையாளர்களுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகிறது. குழல் முனையில் திருகி மாட்டும் ஒரு துண்டு உதைப்பை ஒழிக்கும், நெருப்பை மறைக்கும், சத்தத்தை விழுங்கும் என்கிற ரீதியில் விளம்பரங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே ஓரளவு உண்மை. எல்லாம் ஒரே துண்டில், செலவில்லாமல் கிடைக்கும் என்பதுதான் புருடா.

நம் நாட்டில் சாதாரண ஆள் யாரும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு முனைக் கருவி தேடிக் கடை ஏறப்போவதில்லை. ஆனாலும் அதற்குள் நடப்பது கேட்கத் தகுந்த கதை. அதன் வேலை தொடங்குவதே குண்டு போன பிறகுதான்.

ஏ.ஆர்.-15 ரகத்தை எடுத்துக்கொள்வோம். 5.56 மி.மீ. குண்டின் எடை சுமார் 4 கிராம். 20 அங்குலக் குழலிலிருந்து வினாடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். அதைத் தள்ளிய மருந்து ஒன்றே முக்கால் கிராம் அளவுதான். அது எரிந்து வாயுவாகிக் குண்டின் பின்னாலேயே வருகிறது. வாயிலைத் தாண்டியதும் தடுக்க ஆளில்லாததால் குண்டையும் மிஞ்சிப் பாய்கிறது. தோளில் விழும் உதையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த வாயுவின் கணக்கு. மிச்சம் குண்டின் கணக்கு. முனைக் கருவிக்கு அதன்மேல் நேரடி அதிகாரம் கிடையாது. கடையில் ஃப்ளாஷ் ஹைடர், மஸில் பிரேக், காம்பன்சேட்டர், சைலன்சர் என்று நாம் சொல்லும் சப்ரஸர் என நான்கு பெயர்கள் இருக்கலாம். எதை வாங்கினாலும் வாங்குபவர் தீர்மானிப்பது ஒன்றைத்தான்: இந்த வாயுவை எந்தப் பக்கம் திருப்பி, யார் தலையில் கட்டுவது?

நான்கில் எனக்குப் பிடித்தது ஃப்ளாஷ் ஹைடர். பிளவுகள் வெட்டிய ஒரு சிறு குழாய், அவ்வளவுதான். வெளிச்சத்தை அது மூடி மறைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு பட்டு வாயு குளிர்கிறது என்பவர்களும் உண்டு. வாயுவின் ஒரு கற்றை அதைக் கடக்க வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் என்ன குளிர்ச்சி?

ஹைடர் இல்லாத வெறுங்குழலை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தால், முதலில் வாயிலில் ஒரு பொட்டு ஒளி. அதற்கு முன்னால் கொஞ்ச தூரம் இருட்டு. இருட்டுக்கு அப்பால் செக்கச் சிவந்த ஒரு தட்டு. அதற்கும் வெளியேதான் கண்ணைப் பறிக்கும் பெரிய மஞ்சள் பந்து. நடுவில் இருண்டுபோனது மறுபடி எப்படிப் பற்றியது?

குழலுக்குள் காற்றழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கில் அடைபட்டிருந்த வாயு, வெளியே வந்ததும் ஒலியை மிஞ்சிய வேகத்தில் விரிகிறது. விரிந்தால் குளிரும், அதுதான் இருட்டு. ஆனால் வந்த வேகத்தில் அளவு மீறி விரிந்து, சுற்றியுள்ள காற்றைவிட அழுத்தம் குறைந்துபோகிறது. காற்று சும்மா இருக்குமா? வாயு ஓர் அதிர்ச்சி அலையில் முட்டி, சட்டென்று வேகம் இழந்து, நசுங்கி, மறுபடி கொதிக்கிறது. மாக் தட்டு என்பார்கள்; அந்தச் சிவப்பு அதுதான். விஷயம் அத்தோடு நிற்பதில்லை. குழலுக்குள் ஆக்சிஜன் போதாமல் மருந்து அரைகுறையாகத்தான் எரிந்திருக்கிறது. வெளியே வந்த வாயுவில் பாதிக்கு மேல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இரண்டும் எரிபொருள். காற்றில் கலந்த அந்தக் கலவையை மாக் தட்டின் சூடு பற்றவைத்துவிடுகிறது.

கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் கதவு திறக்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே அரை மணி நேர நெரிசல். திறந்ததும் முன்வரிசை பாய்ந்து பரவுகிறது. ஒரு கணம் ஹாலில் ஆளே இல்லை என்று தோன்றும். பரிமாறுகிறவர் 'இன்னும் இலை போடலை' என்று கை காட்ட, முன்னால் போனவர்கள் நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் மோத, சூடு ஏறுகிறது. பசித்தவர்கள்தான் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். காத்திருக்கும் சாப்பாடு ஆக்சிஜன். ஒரு வாய்ச்சண்டை போதும், மண்டபமே பற்றிக்கொள்ளும். வாசலை ஒட்டிய சுவரில் ஐந்தாறு பக்கக் கதவுகளைத் திறப்பதுதான் ஃப்ளாஷ் ஹைடரின் வேலை. ஆட்கள் பக்கவாட்டில் கசிந்து பரவிவிட, நடு ஹாலில் மோத ஒரே கூட்டமாக யாரும் வருவதில்லை. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள், ஆனால் ஆறிப்போய். மருந்தில் கொஞ்சம் பொட்டாசியம் உப்பு சேர்ப்பதும் உண்டு. கைகலப்பு தொடங்கும்போதே இருவர் கையையும் பிடித்துக்கொள்ளும் பெண் வீட்டு மாமா அது. எரிதலைச் சங்கிலியாக நடத்திச் செல்லும் துண்டு மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கிவிடும். மாமா வந்தால் புகை கூடும் என்பது கொசுறு. இதற்கு மேல் இழுத்தால் இலை கிழியும்.

வரலாறு ஒரு பத்தியாவது வேண்டும் என்பார்கள். சைலன்சருக்கு 1909-ல் காப்புரிமை பெற்றவர் ஹிராம் பெர்சி மாக்சிம். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவரின் மகன். அப்பா எழுப்பிய சத்தத்தை மகன் அடக்கினார் என்று எழுத எல்லோருக்கும் ஆசை, நானும் எழுதியாயிற்று. வியட்நாம் காட்டில் எம்-16-ன் மூன்று முள் ஹைடர் செடிகொடிகளில் சிக்கியதால் நுனியை வளையமாக மூடினார்கள். பின்னால் வந்த ஏ2 மாடலில் அடிப்பக்கப் பிளவையும் அடைத்து ஐந்தோடு நிறுத்தினார்கள். படுத்துச் சுடுபவர் முன்னால் மண் கிளம்பாது. மேலே போகும் வாயு முனையைக் கொஞ்சம் கீழே அழுத்தவும் செய்யும். சோவியத்தின் ஏ.கே.எம். சாய்வாக வெட்டிய ஒரு துண்டை வைத்தே முனையை அழுத்திக்கொண்டது. காம்பன்சேட்டர் என்பது இவ்வளவுதான்.

மஸில் பிரேக் முரட்டு ஆசாமி. உள்ளே தட்டுகள், பக்கத்தில் பெரிய ஜன்னல்கள். தட்டில் மோதும் வாயு துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளி, பக்கவாட்டிலும் பின்னாலும் வெளியேறுகிறது. .50 காலிபர் பாரெட் எம்82-ன் முனையில் அம்புத் தலை போல இருப்பது இதுதான். அந்த உதைக்கு அது அவசியம். 5.56-ன் உதையோ முதலிலேயே சின்னது. இங்கே பிரேக்கின் லாபம் தோளுக்கு அல்ல, அடுத்த குண்டுக்கு முனை நகராமல் நிற்பதற்கு. போட்டியில் சுடுபவர்கள் அதைத் தேடுவது நியாயம். பக்கத்து லேனில் நிற்பவரின் காதும் முகமும் அதற்கான விலையைக் கொடுக்கும். நெருப்பையும் அது பெரும்பாலும் குறைக்காது. ஆனால் கலிஃபோர்னியாவில் பலர் இதை வாங்குவது இயற்பியலுக்காக அல்ல. கழற்றி மாட்டும் மேகசின் உள்ள இத்தகைய ரைஃபிளில் ஃப்ளாஷ் ஹைடர் இருந்தால் அந்த மாநிலச் சட்டம் அதைத் தடை செய்த ரகத்தில் சேர்த்துவிடும், பிரேக்கை விட்டுவிடும்.

இனி சப்ரஸர். மூடிய உருளைக்குள் அடுக்கடுக்கான தட்டுகள். வாயு உள்ளேயே முட்டி மோதி, வேகமும் சூடும் இழந்து மெதுவாக வெளியே வருகிறது. குறைவது 20 முதல் 35 டெசிபெல். 30 குறைந்தால் ஒலி அழுத்தம் முப்பதில் ஒரு பங்காகிவிடும், பெரிய விஷயம்தான். ஆனால் தொடங்கிய இடம் 165 டெசிபெல் அளவு. ஒற்றை வெடிப்பொலிக்குச் செவிப் பாதுகாப்பு வரம்பு 140. ஆக, சினிமாவில் வரும் அந்த 'புஸ்க்' கிடையாது; காதடைப்பானைக் கழற்றவும் அவசரம் வேண்டாம். ஒலியை முந்தும் குண்டு வழிநெடுக எழுப்பும் வெடிப்புச் சத்தத்தை முனையில் எதை மாட்டினாலும் நிறுத்த முடியாது.

செமி ஆட்டோமேட்டிக்குக்கு இன்னொரு வில்லங்கம். குழலிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திருடித்தான் அது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. சப்ரஸர் வாயிலை அடைத்தால் குழலில் அழுத்தம் கூடுதல் நேரம் நிற்கும். தோட்டா ஏற்றும் போல்ட் தேவைக்கு மேல் வேகமாகப் பின்னுக்கு அடிக்கும். மிச்ச வாயு சுடுபவரின் கண்ணுக்கும் மூக்குக்கும் வரும். அதனால்தான் சிலர் வாயுத் துளையைச் சிறிதாக்குகிறார்கள், போல்ட்டின் பாய்ச்சலைத் தாங்கக் கனமான பஃபர் போடுகிறார்கள். இந்தச் செலவு 200 டாலர் வரிக் கணக்கில் வராது.

முதல் குண்டு மட்டும் அதிகச் சத்தம் போடுவதும் உண்டு. சப்ரஸருக்குள் நிற்கும் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. எரியாமல் மிஞ்சிய அந்த வாயு உள்ளேயே பற்றிக்கொள்கிறது. இரண்டாவது குண்டு வரும்போது உள்ளே எரிந்த புகைதான், ஆக்சிஜன் இல்லை, சத்தம் இறங்கிவிடும். ஆகவே டெசிபெல் எண் போட்ட விளம்பரத்தைப் பார்த்தால் அது முதல் குண்டின் எண்ணா, அதற்குப் பிந்தியதா, மைக் முனைக்குப் பக்கத்தில் இருந்ததா, சுடுபவரின் காதருகே இருந்ததா என்று பாருங்கள். இவை எழுதியில்லை என்றால் அந்த எண்ணை வைத்து இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.