முப்பது பொத்தான்களும் ஒரு கைபேசித் திரையும்

2024 ஜூலை 10 அன்று விக்கிரவாண்டி சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. முண்டியம்பாக்கம் உள்ளிட்ட ஊர்களில் வாக்களிக்கச் சென்றவர்கள், மறைப்புக்குப் பின்னால் ஒன்றுக்கு இரண்டாக ‘பேலட் யூனிட்’ இருப்பதைப் பார்த்தார்கள். களத்தில் இருந்தவர்கள் 29 வேட்பாளர்கள். நோட்டாவையும் சேர்த்தால் 30 பொத்தான்கள் வேண்டும். ஒரு யூனிட்டில் இருப்பதோ 16. ஆகவே முதல் யூனிட்டில் 16 பெயர்கள், இரண்டாவதில் 14. மிஞ்சும் இரண்டு பொத்தான்களை மூடிவிடுவது நடைமுறை.

வேட்பாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப பொத்தான்கள் கூடுகின்றன. அழுத்தப்பட்டது எது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? வாக்குகளைச் சேமிக்கும் ‘கண்ட்ரோல் யூனிட்’டுக்கு எந்த வேட்பாளரின் பெயரும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசை எண் மட்டுமே. பெயரும் சின்னமும் பொத்தானுக்குப் பக்கத்தில் செருகிய தாளில் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர், எந்தச் சின்னம் என்ற பட்டியல், வாக்கைச் சீட்டாக அச்சிடும் விவிபேட் கருவியில் முன்கூட்டியே ஏற்றப்படுகிறது. அதனால்தான் அது 7 விநாடிகளுக்குச் சரியான சீட்டைக் காட்ட முடிகிறது.

பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றியவர், தமிழ் வாசகர்கள் நன்கறிந்த எழுத்தாளர் சுஜாதா. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தபோதும் சரி, இப்போதும் சரி, அடிப்படை ஒன்றுதான்: பொத்தான் இருக்கும் இடமே அதன் அடையாளம். இறுதிப் பட்டியல் வெளியானதும் வரிசை உறுதியாகிவிடுவதால் இந்த முறை செல்லுபடியாகிறது.

கைபேசியில் அந்த உறுதி கிடையாது.

முண்டியம்பாக்கத்திலிருந்து ரயிலில் செல்ல, ஒருவர் கைபேசிச் செயலியில் பயணச்சீட்டு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ‘உள்நுழை’, ‘பணம் செலுத்து’ போன்ற பொத்தான்கள் செயலியை எழுதும்போதே வரையப்பட்டவை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொன்றுக்கும் நிரலாளர் ஒரு ஐடி கொடுத்திருப்பார். நிலையங்களின் பட்டியல் அப்படியல்ல. எத்தனை நிலையங்கள், எந்த வரிசையில் என்பது சர்வரிலிருந்து பதில் வந்த பிறகே தெரியும். வந்த பட்டியலைச் செயலி ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொத்தானை அந்தக் கணமே உருவாக்கித் திரையில் சேர்க்கிறது. இவையே இயங்குநிலைப் பொத்தான்கள்.

இப்படிப் பிறக்கும் பொத்தானுக்கு ஆண்ட்ராய்டில் ஐடி கிடையாது. அந்த இடத்தில் மைனஸ் 1 என்ற மதிப்புதான் இருக்கும். ஐபோனில் ஒவ்வொரு பொத்தானின் டேக் எண்ணும் 0 என்றே தொடங்கும். நிரலாளர் எதுவும் செய்யாவிட்டால், திரையில் ஐம்பது பொத்தான்கள் இருந்தும் இந்த எண்களை வைத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

புதிதாக எழுதுபவர்கள் முதலில் நாடுவது வரிசை எண்ணைத்தான். மூன்றாவது பொத்தான் விழுப்புரம், நான்காவது திண்டிவனம் என்று கணக்கு வைப்பார்கள். பயணி தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் பட்டியல் சுருங்கி, மூன்றாவது இடத்துக்கு வேறு ஊர் வந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவார். அவர் கையிலுள்ள குடும்ப அட்டையின் எண் மாறாது. பொத்தானில் கட்டிவைக்க வேண்டியது அந்த அட்டை எண்ணைப் போன்ற ஒன்றை.

ரயில்வேயில் அப்படி ஒன்று தயாராகவே இருக்கிறது: நிலையக் குறியீடு. விழுப்புரத்துக்கு ‘விஎம்’, திண்டிவனத்துக்கு ‘டிஎம்வி’. 2019இல் சென்னை சென்ட்ரல் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது, ‘எம்ஏஎஸ்’ என்ற குறியீடு அப்படியே தொடர்ந்தது. பெயரை நம்பி எழுதிய நிரல் அன்று தடுமாறியிருக்கும். குறியீட்டை நம்பிய நிரலுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

அதைப் பொத்தானோடு இணைப்பது எளிது. ஆண்ட்ராய்டில் ‘செட்டேக்’ என்ற கட்டளை, எந்தத் தகவலையும் பொத்தானில் மாட்டிவைக்கும். எல்லாப் பொத்தான்களுக்கும் பொதுவாக, அழுத்தத்தைக் கவனிக்கும் ஒரே ஒரு கேட்பான் போதும். விரல் பட்டதும், அழுத்தப்பட்ட பொத்தானையே ஆண்ட்ராய்டு அதனிடம் ஒப்படைக்கும். அதன் டேக்கைப் படித்தால் ஊர் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு 4.2இல் வந்த ‘ஜெனரேட்வியூஐடி’ மோதல் இல்லாத புதிய ஐடிகளைத் தரும். ஆனால் கைபேசியைத் திருப்பும்போது திரை புதிதாகக் கட்டப்பட்டால் அந்த எண்களும் மாறலாம். ஆகவே அது திரைக்குள் பயன்படும் தற்காலிக எண். ஊரைக் குறிக்கும் எண்ணாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு பொறிகள் பலரைச் சிக்கவைத்திருக்கின்றன. ஒன்று, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டில், பொத்தான்களை உருவாக்கும் சுழற்சியின் மாறியை ‘வார்’ என்று அறிவிப்பது. எல்லாப் பொத்தான்களும் அந்த ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்வதால், எதை அழுத்தினாலும் சுழற்சி முடிந்தபோது அதில் மிஞ்சிய மதிப்பே கிடைக்கும். 2015இல் வந்த ‘லெட்’ ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறியைக் கொடுத்து இதைத் தீர்த்தது.

மற்றொன்று ஆண்ட்ராய்டின் ‘ரீசைக்ளர்வியூ’. கூகுள் 2014இல் தந்த இந்த வசதி, ஆயிரம் வரிகள் கொண்ட பட்டியலுக்கும் திரையை நிரப்பத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலான பொத்தான்களை மட்டும் உருவாக்கும். மேலே நகர்ந்து மறைந்த பொத்தான், கீழே வேறு பெயரோடு மறுபடி வரும். சற்றுமுன் விழுப்புரமாக இருந்தது இப்போது திண்டிவனம். பெயரை மாற்றிவிட்டு டேக்கை மாற்ற மறந்தால், பயணி கேட்காத ஊருக்குச் சீட்டு வந்துவிடும்.

பார்வையற்ற பயணிக்கு இந்த அடையாளம் இன்னும் முக்கியமானது. பேலட் யூனிட்டில் பொத்தான்களுக்கு அருகே பிரெயில் எண்கள் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்த வேலையைச் செய்வது ‘டாக்பேக்’ என்ற திரைவாசிப்பான். ஊர்ப்பெயர் தனியாகவும் ‘தேர்வு செய்’ என்ற பொத்தான் தனியாகவும் அமைந்த பட்டியலில், ஒவ்வொரு பொத்தானிலும் அதே இரண்டு சொற்கள்தான் அவர் காதில் விழும். ‘விழுப்புரம் நிலையத்தைத் தேர்வு செய்’ என்ற விவரிப்பையும் நிரலே ஒவ்வொரு பொத்தானிலும் சேர்க்க வேண்டும்.

செயலி எழுதக் கற்கும் மாணவர்கள் இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஐம்பது பெயர்கள் கொண்ட பட்டியலை வரவழைத்து, நடுவில் ஒன்றை நீக்கி, வரிசையைத் தலைகீழாக்கி, கைபேசியைத் திருப்பிப் பிடித்து, டாக்பேக்கை இயக்கி, கடைசிவரை நகர்த்திப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொத்தானை அழுத்தி, திரையில் தெரியும் பெயரையும் நிரலுக்குக் கிடைத்த குறியீட்டையும் ஒப்பிட்டால், பிழை எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பது தெரிந்துவிடும்.