அகத்திக் கரியும் பச்சைக் கோலமும்

சென்னை காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போனால் மீன் அரியும் ஆயாவின் முன்கையைக் கொஞ்சம் பாருங்கள். செதில் ஒட்டிய தோலில் பச்சை படர்ந்த ஒரு கோலம், பக்கத்தில் ஒரு பெயர். வயதோடு சுருங்கியிருக்கும், அழிந்திருக்காது.

பச்சை குத்த வந்த குறத்திகள் மை தயாரித்த விதத்தை, எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். அகத்திக் கீரையும் மஞ்சளும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புதுச் சட்டியில் கரி பிடிப்பார்கள். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. எவ்வளவு நுணுக்கமான கைத்தொழில்!

1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓரெய்லி பச்சை குத்தும் மின்சார ஊசிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று திருவொற்றியூர்ப் பையன் டாட்டூ கடையில் பிடிப்பது அதன் வழிவந்த கருவிதான். ஊசி இறங்குவது ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அடித்தோலில் மையை விழுங்கிய செல்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அடுத்தது விழுங்கிக்கொள்கிறது.

கடலுக்குப் போகும் தம்பிகளே, குத்திய புண் ஆறும்வரை, இரண்டு மூன்று வாரம், கடல்நீர் படவிடாதீர்கள். புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பச்சை குத்தினால் 12 மாதங்களுக்கு இரத்த தானம் செய்யக்கூடாது.