ஆங்கில ‘ஹேவ்’ வினையும் தமிழின் உடைமைத் தொடர்களும்

ஆங்கிலம் கற்போருக்குத் தொடக்கத்திலேயே அறிமுகமாகும் வினைகளுள் ‘ஹேவ்’ என்பதும் ஒன்று. உடைமை, உறவு, நோய், கடமை, உணவு கொள்ளல் முதலிய பல பொருள்களை அது ஒருங்கே ஏற்கின்றது. அதற்கு முற்றும் நிகரான தனிவினை தமிழில் இல்லை. இவ்வேறுபாட்டால் தமிழ் கற்பித்தலில் எழும் சிக்கலைச் சிங்கப்பூர்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

சிங்கப்பூரின் வடகிழக்கில் 1990களில் உருப்பெறத் தொடங்கிய அடுக்குமாடிப் புதுநகர் செங்காங். இத்தகைய நகர்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலமே வீட்டுமொழி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசினர். 2010இல் இது 32.3 விழுக்காடு. ஆங்கிலத்தில் எண்ணிப் பழகிய மாணவர் ‘நான் இரண்டு தங்கைகளை வைத்திருக்கிறேன்’ என்று எழுத நேர்வது வியப்பன்று. ஆனால் ‘வைத்திரு’ என்பது ஆள்களோடு வரும்பொழுது முறையற்ற உறவையும் குறிக்கும். எனவே இதனைச் சிறுபிழை என்று ஒதுக்குதல் இயலாது.

ஆங்கிலத்தில் உடையவரே எழுவாய். தமிழிலோ ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். இங்குத் தங்கைகளே எழுவாய். வினைமுற்றும் அவர்களோடே இயைகின்றது. உடையவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். அதாவது, தமிழ் உடைமையை ஒருவர் செய்யும் செயலாகக் கூறாமல், அவருக்கு உரியதாய் ஒன்று இருத்தலாகக் கூறுகின்றது.

அவ்விருத்தலும் ஒருவகைப்பட்டதன்று. செங்காங்கில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர் ‘வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது’ எனலாம்; ‘எனக்குச் செங்காங்கில் ஒரு வீடு இருக்கிறது’ என்பது வீட்டு உரிமையாளர் கூற்றாகவே பெரிதும் கொள்ளப்படும். உறவையும் உரிமையையும் ‘கு’ உருபு சுட்ட, கைவசம் இருத்தலை ‘இடம்’ என்பது சுட்டுகின்றது. ‘ஹேவ்’ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. எனினும் இஃது இறுகிய விதியன்று. ‘அவருக்குப் பொறுமை உண்டு’, ‘அவரிடம் பொறுமை உண்டு’ என்னும் இரண்டும் வழக்கில் உள்ளன. ஆறாம் வேற்றுமைக்குத் தற்கிழமை, பிறிதின்கிழமை என நன்னூல் காட்டும் பாகுபாடு இதனின் வேறாயினும், உடைமையை வகைப்படுத்தி நோக்கும் மரபு நமக்குப் பழமையானது என்பதை உணர்த்துகின்றது.

‘ஹேவ்’ துணைவினையாகவும் வரும். வந்துவிட்ட நிலையைக் குறிக்க ஆங்கிலம் அதனைப் பயன்படுத்துமிடத்தில் தமிழ் ‘வந்திருக்கிறேன்’ என ‘இரு’ வினையைப் பயன்படுத்துகின்றது. கடமைப் பொருளுக்கோ ‘போக வேண்டும்’ என வேறு வினை வருகின்றது.

சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கே ஆசிரியர்க்கு ஒரு வாயிலைத் திறக்கின்றது. மலாய் ‘அடா’, சீன ‘யோ’ ஆகிய இரண்டும் உடைமையையும் இருத்தலையும் ஒரே சொல்லால் உணர்த்துவன. அவற்றின் தாக்கத்தால் இந்நாட்டுப் பேச்சு ஆங்கிலத்தில் ‘காட்’ என்னும் சொல்லும் அவ்விரு பொருளிலும் வழங்குகின்றது. உடைமையையும் இருத்தலையும் ஒன்றாகக் காணும் இப்போக்கு நம் ‘இரு’, ‘உண்டு’ ஆகியவற்றுக்கு நெருக்கமானது. மாணவர் அன்றாடம் அறிந்த இச்சொல்லிலிருந்து தொடங்கினால் தமிழ்த் தொடரமைப்பு அவர்க்கு அயலாகத் தோன்றாது.

ஆகவே, ‘ஹேவ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தந்து மனனம் செய்விப்பதால் பயனில்லை. குறிக்கப்படுவது உறவா, உரிமையா, கைவசமா என முதலில் வினவச் செய்து, அதற்கேற்ற உருபைத் தெரிந்தெடுக்கப் பழக்க வேண்டும். ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்னும் வேறுபாடு இளையோர் நாவில் மங்கிவிடின், உரியதையும் கையில் உள்ளதையும் பிரித்தறியத் தமிழ் தரும் நுட்பமும் உடன் மங்கும்.