செவியால் அறியும் விண்மீன் வெடிப்பு

குடத்தில் நீர் நிறைவதைக் கண்ணால் பாராமலே, ஒலி உயர்ந்து செல்வதைக் கொண்டு அறிந்துவிடுகிறோம். விண்மீன்களின் ஒளி மாறுதலையும் இவ்வாறே செவியால் ஆராயலாம் எனக் காட்டியவர்களுள் ஒருவர், போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த வாண்டா டியாஸ்-மெர்செட் அம்மையார்.

பெரிய விண்மீனின் உட்கரு எரிபொருள் தீர்ந்து இடிந்து விழும்பொழுது நிகழும் வெடிப்பு சூப்பர்நோவா வகைகளுள் ஒன்றாகும். பெரும்பாலும் வெடித்துச் சில நாட்கள் கழிந்த பின்னரே அது நம் பார்வைக்கு வருகிறது. 2008 ஜனவரி 9 அன்று அலீசியா சோடர்பெர்க் அம்மையாரின் குழு, ஸ்விஃப்ட் செயற்கைக்கோளைக் கொண்டு வேறொரு சூப்பர்நோவாவை நோக்குகையில், அதே விண்மீன் மண்டலத்தில் சில நிமிடங்களே நீடித்த எக்ஸ் கதிர் வீச்சொன்று பதிவாயிற்று. அதிர்ச்சியலை விண்மீனைப் பிளந்து வெளிப்பட்ட கணம் அது! தற்செயலாய்க் கிட்டிய பேறே எனினும், கண்டுகொள்ள ஆள் இருந்தமையால் பயன்பட்டது.

இத்தகைய கணநேரக் குறிகள் இரைச்சலில் மறைந்துவிடுவதும் உண்டு. திருவிழாக் கூட்டத்திலும் தெரிந்தவர் குரலைப் பிரித்தறியும் ஆற்றல் செவிக்கு உண்டன்றோ? பௌதிகம் பயிலுகையில் நீரிழிவினால் பார்வையிழந்த வாண்டா அம்மையார், அளவீட்டு எண்களைச் சுருதியாகவும் ஒலியளவாகவும் மாற்றும் முறையை நாசா நிலையத்தில் பயின்று வளர்த்தார். 2013இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வரைபடத்தோடு ஒலியையும் கேட்கும்பொழுது, பார்வையுள்ள வானியலாரும் மங்கிய குறிகளை மேலும் நன்கு கண்டுகொள்வதாக அவருடைய சோதனைகள் காட்டின. சலுகையாகக் கருதப்பட்டது ஆராய்ச்சிக் கருவியாயிற்று.

பெருங்கடவிளை, பாறசாலைப் பக்கத்துப் பள்ளிகளிலும் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு சூப்பர்நோவாவின் நாள்வாரி ஒளித்தரத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை வைத்துக்கொள்க. ஒளித்தர எண் குறையுமளவு ஒளி மிகும். ஆதலின் சிறிய எண்ணுக்கே உயர்ந்த சுருதி. அதே வளைகோட்டை அட்டையில் நூல் ஒட்டியும் அமைக்கலாம். மாணவர் கேட்பது விண்மீனின் ஓசையன்று, எண்களின் ஓசையே என்பதையும் சொல்லுதல் வேண்டும். வெற்றிடத்தில் ஒலி பரவாது.

வரைபடம் காண இயலாதென்று பார்வையற்ற மாணவரைப் பௌதிகத்தினின்று விலக்கிவிடுவது எளிது. பலகாலம் அவ்வாறே செய்தும் வந்தோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாணவர்க்கு நூல்களும் உதவிக் கருவிகளும் 18 வயதுவரை இலவசமாக வழங்கப் பணிக்கிறது. களப்பணியாளர் பள்ளிக்குச் செல்லும்பொழுது, கேட்கப்பட்ட கருவிகளுள் பௌதிக வகுப்புக்குரியவை உண்டா என்பதையும் விசாரித்தல் நலம்.