படம் பார்த்துப் பூச்சிக்குப் பெயரிடலாமா?

இப்பொழுது வீட்டுக்கு வீடு காமிரா இல்லை. கைப்பேசியின் தயவால் ஆளுக்கொரு காமிரா இருக்கிறது. பாகற்கொடியில் பூச்சி ஒன்று உட்கார்ந்தால் பிள்ளைகள் உடனே படம் பிடித்து, "இதன் பெயர் என்ன?" என்கிறார்கள். மெச்சத்தக்க பழக்கந்தான். ஆனால் இதுகாறும் பெயரிடப்பட்டுள்ள பூச்சியினங்கள் ஏறக்குறைய 10 லட்சம். அவற்றுள் பலவற்றைப் பிரித்தறியும் அடையாளம் கண்ணைக் கவரும் வர்ணத்தில் இல்லை. காலின் கணுவிலோ சிறகின் நரம்பிலோ ஒளிந்து கிடக்கிறது.

போதாக்குறைக்கு வேஷம் வேறு! கறிவேப்பிலைச் செடியில் புழுவாக வளரும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியை அறிவீர்கள். அதன் பெண்களில் ஒரு வகை, ரோஜா அழகி என்ற வேறொன்றின் சிறகை அச்சாகப் படியெடுத்துக்கொண்டு திரிகிறது. ரோஜா அழகி புழுப் பருவத்தில் ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேறியது. பறவைகள் அதை விலக்கிவிடும். நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகிக்கும் அந்த மரியாதை கிடைத்துவிடுகிறது. உண்மையைக் காட்டிக்கொடுப்பது உடல்தான்: ரோஜா அழகிக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. சிறகின் அழகில் மயங்கி உடலை நிழலில் விட்டுப் படம் பிடித்தால் பிரம்மதேவனும் பெயர் சொல்ல மாட்டான்.

தேனீயைப்போல மஞ்சள் பட்டை கட்டிய ஈக்களும் உண்டு. ஈக்குச் சிறகு ஒரு ஜோடி, தேனீக்கு இரண்டு, எண்ணிவிடலாமே என்பீர்கள். தேனீயின் பின்சிறகு முன்சிறகோடு கொக்கிகளால் மாட்டிக்கொண்டு ஒன்றேபோல் தோன்றுமே!

தோட்டத்தில் இது வேடிக்கை. மக்காச்சோளம் பயிரிட்டவருக்கு அப்படியன்று. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு வயல்களிலும் புகுந்தது. தலையில் கவட்டைக் கொம்பைக் கவிழ்த்தாற்போல் வெளிறிய கோடு, வாலருகே சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் - இவையே அதன் முத்திரை. புழுவோ தலையைக் குருத்துக்குள் புதைத்துக்கொண்டு தின்கிறது. வெளியே தெரியும் முதுகை மட்டும் படம் பிடித்தால், வெட்டுப்புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் அதே மாதிரிக் கோடுகள் உண்டு. இளம் புழுவாயின் முத்திரையே தெளிவாகத் தெரியாது; மருந்து நன்கு பலிப்பதோ அந்த இளம் பருவத்திலேதான். பெயரைத் தேடிக் காத்திருக்கும் நாட்களில் புழு குருத்தின் ஆழத்துக்குப் போய்விடும். பிறகு தெளித்த மருந்து எட்டாது.

பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே என்றால், அவை முன்பு கண்ட படங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். படத்திலேயே இல்லாத தலையை எங்ஙனம் காணும்? சில அந்துப்பூச்சிகளை நிபுணர்களே உடலை அறுத்து, உருப்பெருக்கியில் உள்ளுறுப்பைப் பார்த்த பின்னரே பெயரிடத் துணிகிறார்கள்.

ஆகவே ஒன்றுக்கு நான்காகப் படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, முகம், வால். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள். எந்தச் செடி, எந்தத் தேதி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சோளக்கொல்லைக்காரர் குருத்தைப் பிரித்துப் புழுவை இலையோடு ஒரு சீசாவிலிட்டு, அன்றைக்கே வேளாண்மை அலுவலரிடம் நேரில் கொண்டுபோவது உத்தமம்.