இணையம் உருவான அறைகள் – 14
எந்த ஊரில் கூடுவது?

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுவில், அதாவது ஐ.இ.டி.எஃப்.பில், முடிவெடுக்கும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். வாக்குச்சீட்டு கிடையாது. யோசனை பிடித்திருந்தால் வாயை மூடியபடி ‘ம்ம்’ என்று ஒலி எழுப்புவார்கள். அதன் கனத்தை வைத்து அறையின் மனநிலையைத் தலைவர் கணிப்பார். பிறகு மின்னஞ்சலில் அதை உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. ஆனாலும் அந்த ‘ம்ம்’ எழுவது அறைக்குள்தான். அறை ஓர் ஊரில் இருக்கிறது, ஊர் ஒரு நாட்டில் இருக்கிறது, நாட்டுக்கு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் யார் நிறுத்தப்படுகிறார்கள்?

1986 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த முதல் கூட்டத்துக்கு 21 பேர் வந்தார்கள். அமெரிக்க அரசின் நிதியில் ஆய்வு செய்தவர்கள். 1990இல் வான்கூவர், 1993இல் ஆம்ஸ்டர்டாம், 2000இல் அடிலெய்ட், 2002இல் யோகோஹாமா என்று கூட்டம் ஊர் ஊராக நகர்ந்தது. அதுவரை பேச்சு பெரும்பாலும் செலவையும் தூரத்தையும் பற்றியது.

அரசியல் உள்ளே வந்தது பெய்ஜிங்கோடு. 2010 நவம்பரில் அங்கே கூடுவதற்காக ஹோட்டலோடு போடவிருந்த ஒப்பந்தத்தில், சீன அரசை இழிவுபடுத்தும் பேச்சு எழுந்தால் நிகழ்ச்சியையே நிறுத்திவிடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒளிவுமறைவின்றி வாதிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதை எப்படி ஏற்பது? 2009இல் ஏற்பாட்டாளர்கள் அதைப் பங்கேற்பாளர்கள் முன்னால் வைத்தார்கள்; காரசாரமான விவாதம் நடந்தது. கடைசியில் பெய்ஜிங்கிலேயே கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் வலையமைப்புக்குத் தணிக்கை இல்லாத இணைப்பு கிடைத்தது. நகரத்து மக்களுக்கு அது கிடையாது.

இடத்துக்கு இவ்வளவு வாதம் ஏன் என்று தோன்றலாம். இந்த அமைப்பின் தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் தேடுவது ஒரு தேர்வுக்குழு. முன்வரும் தன்னார்வலர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படும் 10 பேர்தான் அதில் வாக்குரிமை உள்ளவர்கள். குலுக்கலில் பெயர் கொடுக்கவே, முந்தைய 5 கூட்டங்களில் குறைந்தது 3இல் நேரில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்று வெகுகாலம் விதி இருந்தது. விசா மறுக்கப்பட்ட பொறியாளர் இழந்தது ஒரு வாரத்து உரையாடலை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர் கையைவிட்டுப் போனது. இடத்தேர்வைப் பயண ஏற்பாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நூறாவது கூட்டத்துக்குச் சிங்கப்பூர் என்று 2016இல் தெரிந்தபோது அடுத்த மோதல். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 377ஏ என்ற ஆங்கிலேயர் காலத்துச் சட்டப்பிரிவு அப்போது அங்கே நடைமுறையில் இருந்தது. (அதே காலனியக் குடும்பத்தைச் சேர்ந்த 377ஆம் பிரிவு ஒருபால் உறவுக்கு எதிராக இந்தியாவிலும் 2018 செப்டம்பர்வரை உயிரோடிருந்தது.) குடும்பத்தோடு பயணம் செய்யும் பங்கேற்பாளர்கள் உண்டு; தங்கள் குடும்பத்தைக் குடும்பமாக ஏற்காத நாட்டுக்கு எப்படி வருவது என்று ஒருபால் இணையர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆசியர்கள் பலர் விசா தொல்லையின்றி வந்துபோகக்கூடிய நகரம் அது என்பதும் உண்மை. 2017 நவம்பரில் கூட்டம் அங்கேயே நடந்தது, 2019இலும் நடந்தது. 377ஏவை நீக்கச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வாக்களித்தது 2022இல்.

இடையில் 2017 ஜனவரியில், 7 நாட்டுக் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் நுழைய அந்நாட்டு அதிபர் தடை விதித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த கூட்டத்தை மாண்ட்ரியலுக்கு மாற்றினார்கள். சரியான முடிவு. ஆனால் அதே 2018 டிசம்பரில், அதே மாண்ட்ரியலில் நடந்த நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு வர விண்ணப்பித்த ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்குக் கனடா விசா மறுத்தது. ஒரு கூட்டத்துக்குப் புகலிடமான ஊர், ஐந்தே மாதத்தில் இன்னொரு கூட்டத்தாருக்குப் பூட்டிய கதவு.

இந்தப் பின்னணியில் ஐ.சி.எல்.ஆர். என்ற இன்னொரு செயற்கை நுண்ணறிவு மாநாடு 2020க்கு அடிஸ் அபாபாவைத் தேர்ந்தெடுத்தது. அங்கேயும் ஒருபால் உறவு குற்றம்தான். ஒருவருக்குத் திறக்கும் வாசல் இன்னொருவருக்கு அடைபடுகிறது. கோவிட் வந்து அந்த மாநாடு இணையவழிக்கு மாறியது. ஆனாலும் ஆப்பிரிக்காவை அவர்கள் விட்டுவிடவில்லை. 2023 மே மாதம் ருவாண்டாவின் கிகாலியில் கூடினார்கள்.

ஐ.இ.டி.எஃப். இவ்வளவு சண்டைக்கும் பிறகு 2020 பிப்ரவரியில் இடத்தேர்வு பற்றி ஆர்.எஃப்.சி. 8718, 8719 என்று இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. சக்கர நாற்காலி செல்லும் வசதியும் போதிய இணைய இணைப்பும் கட்டாயம். விசா தடை பெரும்பாலானோரைத் தடுக்காதிருப்பது ‘முக்கியம்’ என்ற அடுத்த படியில் இருக்கிறது. ஆண்டின் மூன்று கூட்டங்களை வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று பகிர்வது பொதுவிதி. எப்போதாவது வேறு கண்டம். 2016இல் பியூனஸ் அயர்ஸ் போனது அப்படித்தான். பங்கேற்பாளர்கள் எங்கிருந்து வருகிறார்களோ அங்கே கூடுவது என்பது இதன் தர்க்கம். கூட்டமே நடக்காத கண்டத்திலிருந்து பங்கேற்பாளர்கள் எப்படிப் பெருகுவார்கள்? 2025வரை ஆப்பிரிக்காவில் ஒரு முழுக்கூட்டமும் நடக்கவில்லை. இந்தியாவிலும் இல்லை. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் 2008இல் டெல்லிக்கும் 2016இல் ஹைதராபாதுக்கும் வந்துபோனது. ஆகவே இங்கே நடத்த முடியாது என்று சொல்ல இடமில்லை.

எல்லோருக்கும் திறந்த நாடு உலகில் கிடையாது. அதனால் இழப்பு எப்போதும் ஒரே கூட்டத்தார் தலையில் விழாதபடி இடங்களைச் சுழற்ற வேண்டும்; வரமுடியாதவரின் உரிமை வராததால் போகக்கூடாது. இரண்டாவது ஓரளவு நடந்துவிட்டது. கோவிட் காலம் நேரில் வரும் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்த வைத்தது. 2023இல் வந்த ஆர்.எஃப்.சி. 9389, இணையவழிப் பங்கேற்பும் அந்த 3 கூட்டக் கணக்கில் சேரும் என்று நிலையாக்கியது. குலுக்கலில் பெயர் கொடுக்க இப்போது விசா தேவையில்லை. முதலாவதற்கு, அந்த ‘வேறு கண்டம்’ எந்தக் கண்டம் என்று யாராவது முடிவெடுக்க வேண்டும்.

(தொடரும்)